மாமா எழுதிக்கொடுத்த பொழுதுபோக்கு

சுவிட்சர்லாந்துக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தவர்களுக்குப் பின்னால் அரசாங்கம் ஒரு ஆளை நடக்கவிடும் என்று பன்னிரண்டு வயதில் நான் மனமார நம்பினேன். அந்த ஆள் கறுப்பு மேலங்கி போட்டிருப்பார். யாரும் சந்தேகப்படாத, கொஞ்சம் வயதான முகமாக இருக்கும். நீங்கள் நின்றால் அவரும் நிற்பார், நடந்தால் நடப்பார். பின்னேரம் வீட்டுக்குப் போய், அன்று நீங்கள் விட்ட பிழைகளை எல்லாம் ஒரு படிவத்தில் நிரப்புவார். இதை இப்போது என் மகளிடம் சொன்னால், "அப்பா, உங்களுக்கு அப்பவே தொடங்கிட்டுதோ?" என்கிறாள். அவள் கணக்கில் நான் தொப்பை வைத்த அரைக்கிழவன். அரைக்கிழவர்கள் தங்கள் முட்டாள்தனங்களைத் தாங்களே சொல்லிச் சிரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகள் இன்னும் மோசமாகச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்த நம்பிக்கையை என் மண்டைக்குள் இறக்கியவர் மாமா. அம்மாவின் தம்பி. அப்போது அவருக்கு முப்பத்துநான்கு வயது. வில் என்ற சிறிய நகரத்தில் எங்கள் வீட்டிலேயே ஒரு அறையில் இருந்தார். பிளாஸ்டிக் மூடிகள் வார்க்கும் தொழிற்சாலை ஒன்றில் ஷிஃப்ட் வேலை. பன்னிரண்டு வருடம் இந்த நாட்டில் இருந்தால் குடியுரிமை கேட்கலாம் என்பது அந்தக் காலத்துச் சட்டம். பன்னிரண்டு முடிந்த கிழமையே மாமா படிவம் எடுத்துவிட்டார். அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ஊரில் அவருக்குப் பெண் பார்த்து முடிவாகியிருந்தது. ஊரில் போர்நிறுத்தம் வந்த பிறகான முதல் குளிர்காலம் அது. தொலைபேசி எடுத்தால் மறுமுனையில் ஆள் இருக்கும் என்ற நிலைமை அப்போதுதான் வந்திருந்தது. மாமா வேலையில்லாத நேரமெல்லாம் குளியலறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு கதைத்தார். பெண்ணுக்குச் சம்மதம். பெண்ணின் தகப்பனுக்கோ, சிவப்புப் பாஸ்போர்ட்டைக் கண்ணால் கண்ட பிறகுதான் சம்மதம். ஆக, மாமாவின் கலியாணம் முழுவதும் அந்தப் படிவத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அதனால் அவருக்குப் பயம் கூடிவிட்டது. பயம் கூடினால் மாமாவுக்குக் கதையும் கூடும். ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் தோய்த்தவனுக்குப் பாஸ்போர்ட் கிடையாதாம். பச்சைப் போத்தலையும் வெள்ளைப் போத்தலையும் ஒரே தொட்டிக்குள் போட்டவனுக்குக் கிடையாதாம். மதியம் பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் இடையில் சுவரில் ஆணி அடித்த ஒருவருக்குக் கடைசி நிமிஷத்தில் இல்லை என்று விட்டார்களாம். "பின்னாலை ஆள் விட்டுப் பாப்பினமடா, மருமோன். சும்மா குடுப்பினமோ?" என்றார். அவர் பகிடிக்குச் சொன்னார். நான் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டேன்.

படிவத்தில் பொழுதுபோக்கு என்று ஒரு கேள்வி இருந்தது. விடைக்கு இரண்டு வரி புள்ளிக்கோடு. மாமாவின் உண்மையான பொழுதுபோக்குகள் நித்திரை, கரம்போர்ட், குளியலறை. அவரோடு வேலை செய்த ஒரு அண்ணை, "நித்திரை எண்டு எழுதேலாது. மலைநடை எண்டு எழுது. இந்த நாட்டிலை அதுக்கு ஒருத்தரும் மறுப்புச் சொல்ல மாட்டினம்" என்று புத்தி சொல்லியிருக்கிறார். மாமா அந்தச் சொல்லை ஜெர்மன் மொழியில் அழகாக எழுதினார். பேனை நன்றாக ஓடியதாலோ என்னவோ, பக்கத்தில் 'பன்னிரண்டு வருடங்களாக' என்றும் சேர்த்துவிட்டார்.

ஜனவரியில் கடிதம் வந்தது. மூன்று கிழமையில் ஊராட்சி அலுவலகத்தில் நேர்முகம். அம்மா கடிதத்தையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எங்கை தம்பி, நீ ஏறின மலையிலை ஒண்டின்ரை பேரைச் சொல்லு பாப்பம்" என்றார். மாமா நெடுநேரம் யோசித்து, சாக்லேட் பெட்டியில் படம் போட்டிருக்கும் அந்த ஒரு மலையின் பெயரைச் சொன்னார். அப்பா தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமலே சிரித்தார்.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பயணம் முடிவானது. ஒரு தரமாவது உண்மையாக ஒரு மலையில் நடப்பது, நடந்ததற்குச் சாட்சியாக ஒரு படம் எடுப்பது. படத்தில் மாமா, மாமாவுக்குப் பின்னால் பனி, ஒரு வழிகாட்டிப் பலகை. இவ்வளவும் இருந்தால் போதும். நான் மொழிபெயர்ப்பாளர், படப்பிடிப்பாளர் என்ற இரட்டைப் பதவியில் சேர்த்துக்கொள்ளப்பட்டேன். மாமாவின் உடை விபரத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. காலில் தொழிற்சாலையின் இரும்புமுனைச் சப்பாத்து. அதற்குள் இரண்டு சோடி காலுறை, காலுறைக்கு மேல் கடைப் பை. மேலே யாரோ கொடுத்த கத்தரிப்பூ நிறச் சறுக்கு ஜாக்கெட். ஆட்டிறைச்சிக் கறி வைத்துச் சுருட்டிய ரொட்டி ஆறு, வெள்ளித்தாளில் பொதி செய்து அவர் நெஞ்சுக்குள் இருந்தது. கறிச் சூடு தனக்கும் தனது சூடு கறிக்கும் உதவும் என்றார்.

வெளிக்கிடும்போது அம்மா வாசலில் நின்றார். எங்கே போகிறோம் என்று கேட்கவில்லை. எங்கள் வீட்டில் வெளிக்கிடுகிறவரை அப்படிக் கேட்பதில்லை. கேட்டால் போகிற காரியம் தடைப்படும். நாங்களும் சொல்லவில்லை. மலைக்குப் போகிறவன் எந்தப் பாதையால் போகிறான், எத்தனை மணிக்குத் திரும்புவான் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பது இந்த நாட்டில் பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம். நாங்கள் சகுனம் கெடாமல், ஒருவருக்கும் ஒன்றும் தெரியாமல் புறப்பட்டோம்.

ரயில், பிறகு பள்ளத்தாக்கின் வழியே மஞ்சள் பேருந்து. இறங்கிய இடத்தில் ரோஜா நிறப் பலகை போட்ட குளிர்காலப் பாதை ஒன்று இருந்தது. இயந்திரத்தால் அழுத்திச் சீராக்கிய பாதை. அதில் திருவிழா மாதிரிச் சனம். இரண்டு கையிலும் தடி, குழந்தைகளுக்குச் சறுக்கு வண்டி, நாய்க்குக்கூடச் சட்டை. மாமா தன் கத்தரிப்பூ ஜாக்கெட்டைக் குனிந்து பார்த்தார்.

"இவ்வளவு சனத்துக்கு முன்னாலை விழுந்தா மானம் போகுமடா. ஆளில்லாத பாதை ஒண்டு பார்."

ஆளில்லாத பாதை சற்றுத் தள்ளி இருந்தது. கோடைக்காலத்து மஞ்சள் பலகை, கீழே ஒரு சங்கிலி, சங்கிலியில் ஒரு தகடு. வாசித்துச் சொல்லச் சொன்னார். பனி அள்ள ஆள் வராது என்பதுதான் அதன் பொருள்; நான் சொல்லுக்குச் சொல் மாற்றிச் சொன்னேன். "குளிர்காலத்திலை இந்தப் பாதைக்குச் சேவை இல்லையாம்."

"எங்களுக்கு என்னத்துக்குச் சேவை? நாங்களே நடப்பம்" என்று மாமா சங்கிலியைக் கடந்தார்.

மஞ்சள் பலகை, மேலே உள்ள மாட்டுக் குடிலுக்கு ஒரு மணி ஐம்பது நிமிஷம், அங்கிருந்து அடுத்த பக்கத்துக் கிராமத்துக்கு ஒன்றேகால் மணி என்று சொன்னது. இந்த நாட்டில் தூரத்தை எழுதுவதில்லை, நேரத்தைத்தான் எழுதுவார்கள். யாருடைய கால், எந்தப் பருவத்தில் என்று எழுதுவதில்லை. முதலில் படம் எடுப்போம் என்று கமெராவை நீட்டினேன். மாமா ஒரு காலைத் தூக்கிக் கல்லில் வைத்து, தூரத்தைப் பார்த்து, பன்னிரண்டு வருட அனுபவசாலியின் முகத்தைச் செய்தார். அந்த முகம் வருவதற்குள் குளிரில் பற்றரி செத்துவிட்டது. "பரவாயில்லை, மேலை போய்ச் சூடாக்கி எடுப்பம்" என்று அதைக் கழற்றி ரொட்டிப் பொதிக்குள் செருகினார். ஆட்டிறைச்சியோடு பயணம் செய்த அந்தப் பற்றரி பிறகு ஒருநாளும் வேலை செய்யவில்லை.

ஆனால் அந்த முதல் மணித்தியாலம் எவ்வளவு வடிவாக இருந்தது! பனி என்றால் எனக்கு அதுவரை பள்ளிக்கூட வாசலில் உப்புப் போட்டுக் கரைத்த அழுக்குத் தண்ணீர்தான். இங்கே அது வேலிக் கம்பியின் மேல், கம்பியின் அகலத்துக்கே, ஒரு சாண் உயரத்துக்கு அப்படியே நின்றது. ஏன் விழவில்லை என்று பார்க்க நான் ஊதினேன், விழவில்லை. விரலால் தொட்டேன், வேலி நீளத்துக்கும் கோடாக விழுந்தது. பூட்டிக் கிடந்த தொழுவம் ஒன்றின் கூரையில் என் உயரத்துக்குப் பனிக்குச்சிகள். மாடுகள் தண்ணீர் குடிக்கும் தொட்டிக்கு மேலே ஐஸ் கண்ணாடி. அதற்கு அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, குமிழிகள் கண்ணாடிக்குக் கீழே வழி தேடின. பனியில் முயல் ஓடியிருந்த தடத்தைக் கண்டோம். பின்கால் அடையாளம் முன்னாலும் முன்கால் அடையாளம் பின்னாலும் இருந்ததால், முயல் எந்தப் பக்கம் போனது என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். மாமா குனிந்து பனியை அள்ளி மூக்கில் வைத்து மோந்தார். பிறகு இன்னொரு பிடி அள்ளி மோந்தார்.

"என்ன மாமா?"

"அவ ரெலிபோனிலை கேட்டவ. ஸ்னோ என்ன மணம் மணக்கும் எண்டு." கையிலிருந்த பனியை என் பக்கம் நீட்டினார். "ஒரு மணமும் இல்லையெண்டா நம்புவாவோ?"

நானும் மோந்து பார்த்தேன். ஆட்டிறைச்சிக் கறி மணந்தது. அவருடைய கையுறை.

அதற்குப் பிறகுதான் நான் திரும்பிப் பார்த்தேன். கீழே, நாங்கள் ஏறி வந்த வெள்ளைச் சரிவில், ஒரு கறுப்புப் புள்ளி. புள்ளிக்கு இரண்டு கால் இருந்தது.

நான் நின்றேன். புள்ளி நின்றது. நடந்தேன். புள்ளி நடந்தது. சப்பாத்துக் கயிறு கட்டுவதுபோல் நடித்து, கவட்டுக்குள்ளால் பார்த்தேன். தலைகீழாகவும் அது கறுப்பு மேலங்கிதான். சங்கிலி போட்டு மூடிய பாதையில், ஞாயிற்றுக்கிழமையில், கறுப்பு மேலங்கியோடு வேறு யார் வருவார்?

மாமா அந்த நேரம் பார்த்துத் தோடம்பழத் தோலைப் பனியில் எறிந்தார். நான் பாய்ந்து அதைப் பொறுக்கிப் பொக்கற்றுக்குள் வைத்தேன். அவர் துப்பினார், அந்த இடத்தைக் காலால் மூடினேன். பிறகு, அவர் பேரில் நல்ல அபிப்பிராயம் உண்டாகட்டும் என்று, பள்ளிக்கூடத்தில் படிப்பித்த நாட்டு வாழ்த்துப் பாட்டை உரத்த குரலில் தொடங்கினேன். முதல் இரண்டு வரிதான் தெரியும். அதையே ஏழெட்டுத் தரம் பாடினேன்.

"டேய், உனக்கென்ன விசரோ?"

"மாமா, திரும்பாதேங்கோ. உங்களுக்குப் பின்னாலை ஆள் விட்டிருக்கினம்."

உடனே திரும்பினார். முதலில் பெரிதாகச் சிரித்தார். சிரிப்பு பாதியில் மெலிந்தது. அவர் நின்றார், புள்ளியும் நின்றது. அவர் இரண்டடி வைத்தார், புள்ளியும் வைத்தது. மாமா தன் பகிடிக்குள் தானே விழுவதை அன்று நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"பன்னிரண்டு வருசம் எண்டல்லோ எழுதிப் போட்டன்" என்றார் மெல்ல. "பன்னிரண்டு வருசம் நடந்தவன் இப்பிடியோ நடப்பான்? கெதியா நடவடா. உந்தாள் எங்கடை நடையைப் பாக்குது."

நாங்கள் வேகத்தைக் கூட்டினோம். முழங்கால் அளவு பனியில் வேகம் என்பது, தூரத்திலிருந்து பார்த்தால், இரண்டு வாத்துகள் சண்டை பிடிப்பது போலத்தான் இருந்திருக்கும். கையை வீசினோம். நெஞ்சை நிமிர்த்தினோம். மாமா மூச்சு வாங்குவது தெரியாமல் இருக்க வாயை மூடினார்; அதனால் மூக்கால் விசில் வந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். புள்ளியும் வேகத்தைக் கூட்டியிருந்தது. இப்போது அதற்கு ஒரு தொப்பி இருந்தது, கையில் ஒரு தடி இருந்தது. காற்றில் குரல் ஒன்று வந்தது. நில்லுங்கள், நில்லுங்கள் என்று ஜெர்மனில் கூப்பிட்டது.

"மாமா, நிக்கட்டாம்."

"நிண்டா பேர் கேப்பான். நட."

ஓடினோம். உண்மையைச் சொன்னால், நான்தான் முதலில் ஓடினேன், மாமாவை விட்டுவிட்டு. பாறைகளில் வெள்ளை சிவப்பு வெள்ளையாக அடித்திருக்கும் பாதைக்குறிகள் எல்லாம் பனிக்கு அடியில் கிடந்தன. நாங்கள் பாதையை எப்போது விட்டோம் என்று எங்களுக்குத் தெரியாது. குடில் வரவில்லை. பதிலாக மரங்கள் வந்தன, பிறகு ஒரு பள்ளம் வந்தது. மேலே மேகம் இறங்கி, மாவு அரித்ததுபோல் பனி கொட்டத் தொடங்கியது. எனக்குப் பின்னால் 'தொப்' என்று ஒரு சத்தம். திரும்பினால் மாமா பாதி உயரம்தான் இருந்தார். மூடிக் கிடந்த நீரோடை ஒன்றுக்குள் இடுப்புவரை இறங்கியிருந்தார்.

கையைப் பிடித்து இழுத்தேன். அவர் வரவில்லை, நான்தான் போகப் பார்த்தேன். இரும்புமுனைச் சப்பாத்து உள்ளே எதிலோ மாட்டிக்கொண்டிருந்தது. "தண்ணி காலுக்கை ஓடுதடா" என்றார். அவர் முகத்தில் நான் அதற்கு முன் கண்டிராத ஒரு நிறம். அந்த நேரத்தில் ஒரு புத்தியுள்ள பிள்ளை உதவி கேட்டுக் கத்தியிருக்கும். நான், அவரிடம் குனிந்து, "மாமா, கொஞ்சம் சிரிச்சுக்கொண்டு நில்லுங்கோ. அந்தாள் வந்திட்டுது" என்றேன்.

மாமா சிரித்தார். இடுப்பளவு பனிக்குள் நின்றுகொண்டு, பல் கிடுகிடுக்க, அந்தக் கறுப்பு மேலங்கியைப் பார்த்து "குறுவெட்சி" என்று வணக்கமும் சொன்னார்.

வந்தவருக்கு எழுபது வயதுக்கு மேலிருக்கும். மீசையில் ஐஸ். மூச்சு இரைப்பில் அவரால் பதில் வணக்கம் சொல்ல முடியவில்லை. பனியில் குப்புறப் படுத்து, தடியை நீட்டினார். மாமா தடியைப் பிடித்தார், நான் கிழவரின் இரண்டு காலையும் பிடித்தேன். மூவருமாக இழுத்ததில் மாமா ஒரு சப்பாத்தோடு வெளியே வந்தார். மற்றச் சப்பாத்தைக் கிழவர் தோள்வரை கையை விட்டுத் துழாவி எடுத்துத் தந்தார். பிறகு தன் கழுத்துக் கம்பளியைக் கழற்றி மாமாவின் ஈரக் காலில் சுற்றினார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வேவு பார்க்கிற உத்தியோகத்தர் இவ்வளவு செய்வாரா? செய்வார், அதுதான் இவர்களுடைய நுட்பம் என்று முடிவுகட்டினேன்.

அப்போது அவர் எழுந்து, உடம்பைத் தட்டி, நாலா பக்கமும் பார்த்துவிட்டு, என்னிடம் கேட்டார்: "இனி எந்தப் பக்கம் போகவேண்டும்?"

இதுதான் கேள்வி. ஊராட்சி அலுவலகத்தில் கேட்கப்போவதாகச் சொல்லி எங்களை ஏமாற்றிவிட்டு, இங்கேயே பரீட்சையை வைக்கிறார்கள்! மாமாவிடம் கேட்க நேரமில்லை. நானே சுத்தமான ஜெர்மனில் பதில் சொன்னேன்: என் மாமாவுக்கு வழி நன்றாகத் தெரியும், அவர் பன்னிரண்டு வருடங்களாக மலைநடை நடக்கிறவர், இந்த ஓடைக்குள்ளும் அவர் ஆழம் பார்க்கத்தான் இறங்கினார்.

கிழவரின் முகம் அப்படியே இளகியது. கண்ணை மூடித் திறந்தார். "அப்படியானால் நல்லது. நான் உங்களுக்குப் பின்னாலேயே வருகிறேன்" என்றார்.

மாமா என் சட்டையைப் பிடித்தார். "என்னடா கேட்டவர்? நீ என்ன சொன்னனீ?"

சொன்னேன். வென்றுவிட்டோம் என்ற பெருமையோடு சொன்னேன். மாமா கிழவரைப் பார்த்தார். கிழவர் நின்ற இடத்திலேயே தடியில் இரண்டு கையையும் ஊன்றியிருந்தார். கால்சட்டை முழங்கால்வரை நனைந்து விறைத்திருந்தது.

"மாமா, ஓம் எண்டு தலையை ஆட்டுங்கோ" என்று கிசுகிசுத்தேன். "எழுதப் போறார்."

மாமா தலையை ஆட்டினார். ஆனால் நான் சொன்ன பக்கம் அல்ல. தொழிற்சாலையில் பொறுக்கிய ஜெர்மன் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து அந்த மனிதருக்கு முன் வைத்தார். இல்லை. நான் மலைநடை இல்லை. இன்று முதல் தரம். வழி தெரியாது. பேப்பரில் நான் பொய் எழுதினேன். பையனில் பிழை இல்லை. அப்படிச் சொல்லும்போது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார், நேர்முகத்துக்கு வந்தவர் மாதிரி.

நான் அழுதேன். குளிரில் அல்ல, கோபத்தில். பாஸ்போர்ட், கலியாணம், ஊரில் குளியலறைக் குரலுக்காகக் காத்திருக்கும் மாமி, எல்லாவற்றையும் இந்த மனுசன் ஒரு நிமிஷத்தில், அதுவும் கேட்காமலே, பனியில் கொட்டிவிட்டாரே!

கிழவர் எந்தப் பேப்பர் என்று கேட்கவில்லை. ஒரு பெருமூச்சு விட்டு, எனக்கும் வழி தெரியாது என்றார்.

அதற்கு மேல் விவாதம் இல்லை. வந்த வழியில் எங்கள் காலடிகள் இன்னும் குழிகளாக இருந்தன. பனி அவற்றை நிரப்பிக்கொண்டிருந்தது. நிரம்புவதற்குள் அவற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட வேண்டும். மாமா முன்னால், நான் நடுவில், கிழவர் பின்னால். காலடி மறைந்த இடங்களில் மாமா நின்று, குனிந்து, கையால் பனியை விலக்கி, அடியில் அழுத்தமான பனி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். முன்பு மோந்து பார்த்ததுபோலவே குனிந்தார், ஆனால் இப்போது யாருக்குச் சொல்வதற்காகவும் அல்ல. ஒரு மரத்தடியில் நின்று ரொட்டி சாப்பிட்டோம். நெஞ்சுச் சூட்டிலேயே இருந்தாலும் ரொட்டி தகரம்போல் விறைத்திருந்தது. கிழவர் இரண்டு ரொட்டி சாப்பிட்டார். உறைப்பில் அவர் கண் கலங்கியது. இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டார். நான் என்னுடையதை மறைத்துக்கொண்டேன். பொய் எழுதியவர்களின் ரொட்டியைத் தின்றுகொண்டே அவர்களைப் பற்றி எழுதப் போகிறவருக்கு மூன்றாவது ரொட்டி எதற்கு?

வெளிச்சம் மங்கும் நேரத்தில் சங்கிலியைத் தாண்டினோம். பேருந்து நிறுத்தத்தில் நாங்கள் மூவர் மட்டும். மாமாவின் கைத்தொலைபேசியில் அப்போதுதான் தொடர்பு வந்தது; அம்மாவின் தவறிய அழைப்புகள் பதினொன்று. அவர் எங்கே நிற்கிறோம் என்று சொல்லத் தொடங்க, மறுமுனையில் அம்மா கத்தியது எனக்கும் கேட்டது. "இனி உந்தச் சகுனத்தைத் தூக்கிக் குப்பையிலை போடு தம்பி! நான் எந்த மலையெண்டு பொலிசுக்குச் சொல்லுறது?"

பேருந்துக்குள் கிழவர் எங்களுக்கு முன் இருக்கையில் அமர்ந்து, பக்கவாட்டில் திரும்பி, மெதுவாகக் கதைக்கத் தொடங்கினார். நீளமாகக் கதைத்தார். மாமாவுக்குப் பாதி விளங்கியது, பாதி விளங்கவில்லை.

"என்னடா சொல்றார்?"

எனக்குச் சொற்கள் எல்லாம் விளங்கின, உளவாளி சொல்லும் கதை என்று ஒன்றையும் நம்பவில்லை. அதோடு நான் மாமாவோடு கோபம். கலியாணத்தைக் கெடுத்தவருக்கு மொழிபெயர்ப்பும் ஒரு கேடா? யன்னல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "பஸ் பிந்தி வந்ததாம்."

மாமா கிழவரின் முகத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "பஸ் பிந்தினதுக்கு ஒருத்தரும் கண்ணைத் துடைக்கிறேல்லை" என்றார். அதோடு என்னைக் கேட்பதை விட்டுவிட்டார். கிழவர் சொல்வதற்கெல்லாம் "ஓம், ஓம்" என்று தமிழிலேயே தலையாட்டினார். இறங்கும்போது இருவரும் ஒரு துண்டுத் தாளில் எதையோ எழுதி மாற்றிக்கொண்டார்கள். முறைப்பாட்டின் பிரதி என்று நான் நினைத்தேன்.

இந்த இடத்தில் நீங்கள் எதிர்பார்ப்பது நடக்கவில்லை. நேர்முகத்தில் மேசைக்குப் பின்னால் அந்தக் கிழவர் இருக்கவில்லை. அவர் வேறு மாநிலத்துக்காரர். மாமாவுக்காக யாருக்கும் கடிதம் எழுதவும் இல்லை. மேசைக்குப் பின்னால் இருந்த ஐந்து பேரில் ஒரு பெண்மணி, மலைநடை என்று எழுதியிருக்கிறீர்களே, எந்தப் பாதைகள் என்று கேட்டார். மாமா, ஒரு பாதை, அதுவும் பாதி, முந்தி எழுதியது பொய் என்றார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெர்மன் போதாது, ஒரு வருடம் கழித்து வாருங்கள் என்று பதில் வந்தது. பெண்ணின் தகப்பன் முணுமுணுத்தார். பெண் முணுமுணுக்கவில்லை. இரண்டாம் தரம் கிடைத்தது, கலியாணம் நடந்தது, மாமி வந்தார். அதற்கிடையில் வந்த ஜனவரியில் மாமா உண்மையான நடைச் சப்பாத்து வாங்கி, வரைபடம் ஒன்றை எங்கள் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து, பென்சிலால் கோடு இழுத்துப் படித்தார். ஞாயிற்றுக்கிழமை கிழவரோடு ரோஜா நிறப் பலகைப் பாதையில் போனார். அடுத்த ஜனவரியிலும் போனார். இந்த ஆளுக்கு அந்த உளவாளியோடு இன்னும் என்ன பேச்சு என்று நான் நினைத்தேன். அம்மாவிடம்கூடச் சொன்னேன்.

அன்று பேருந்தில் நான் மொழிபெயர்த்திருக்க வேண்டியது இதுதான். அவருடைய மனைவி நவம்பரில் இறந்துபோயிருந்தார். வருடாவருடம் ஜனவரியில் இருவரும் அந்த மஞ்சள் பலகைப் பாதையில்தான் ஏறுவார்கள். மனைவி முன்னால் நடப்பார், வரைபடம் அவர் கையில் இருக்கும். இவர் அவருடைய முதுகுப்பையைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடப்பார், வழியைப் பார்த்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முதல்முறையாகத் தனியே வந்தார். சங்கிலி வரை வந்து, பயந்து, திரும்பிப் போக இருந்தார். அப்போது பனியில் இரண்டு பேருடைய காலடிகளைக் கண்டார். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. ஒரு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போவதென்றால் வழி நன்றாகத் தெரிந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணினார். நாங்கள் நின்றபோதெல்லாம் வரைபடம் பார்க்கிறோம் என்று நினைத்து, தொந்தரவு செய்யாமல் அவரும் நின்றார். நாங்கள் ஓடியபோது, தன்னை விட்டுவிட்டுப் போய்விடுவோமோ என்று பயந்து, நில்லுங்கள் என்று கூப்பிட்டார்.